எல்லை தாண்டிய அம்பு

காது கொடுத்துக் கேளுங்கள், இது ரொம்பக் காலத்துக்கு முன்னால் நடந்தது. குறுங்காடு என்றொரு குட்டி நாடு இருந்தது. எவ்வளவு குட்டி என்றால், காலையில் கஞ்சி குடித்துவிட்டு மேற்கு எல்லையில் கிளம்பினால், உச்சிப்பொழுதுக்குள் கிழக்கு எல்லைக்குப் போய்விடலாம். அந்த நாட்டுக்குச் சேனாதிபதி ஒருவர்தான். முரசு அடிப்பவரும் அவரேதான்.

அதன் ராஜா நெடுஞ்சாத்தனுக்கு ஒருநாள் ஆசை பிறந்தது. "எல்லா நாட்டுலயும் வில்லாளி இருக்கான். நமக்கு ஒருத்தனாவது வேணாமா?" என்றார். தேடிப் பார்த்தால், வில்லைத் தொட்டவர்கூட யாரும் இல்லை. கடைசியில், தோள் அகலமாக இருக்கிறதே என்று செக்காட்டும் பொலியனைப் பிடித்து நிறுத்தி, புது வில் ஒன்று செய்து கையில் கொடுத்தார்கள். ராஜாவே கூப்பிட்டாரே என்று அவனுக்கு உச்சி குளிர்ந்துவிட்டது.

எந்த நல்ல காரியத்தையும் கிழக்கு பார்த்துத் தொடங்குவது குறுங்காட்டு வழக்கம். வில் பழகுவதும் நல்ல காரியம்தானே? அதனால் பொலியனைக் கிழக்கு பார்த்து நிற்க வைத்தார்கள். கிழக்கே, அம்பு போய் விழும் தூரத்திலேயே, ஆனைவாரி என்ற பெரிய நாடு இருப்பது ஒருவர் புத்திக்கும் எட்டவில்லை.

முதல் அம்பு மந்திரி வீட்டுப் பூசணிக்காயில் குத்தி நின்றது. பொலியன் ஓடிப்போய், "என் அம்புதாங்க, மன்னிச்சுக்கோங்க" என்றான். எல்லாரும் சிரித்தார்கள்.

இரண்டாவது அம்பு சேனாதிபதியின் முரசைக் கிழித்தது. பொலியன் ஓடிப்போய், "என் அம்புதாங்க, மன்னிச்சுக்கோங்க" என்றான். மறுபடியும் சிரித்தார்கள்.

மூன்றாவது அம்பு வேலியைத் தாண்டியது, எல்லையையும் தாண்டியது. ஆனைவாரி ராஜாவின் பட்டத்து யானை அந்தப் பக்கம் மேய்ந்துகொண்டிருந்தது. அம்பு அதன் காதில் தைக்க, யானை மிரண்டு ஓடி அரண்மனை யானைக் கொட்டகையையே சாய்த்துவிட்டது. மனிதர்கள் தப்பியது தெய்வச் செயல்.

இந்த முறை பொலியன் ஓடவும் இல்லை, வாய் திறக்கவும் இல்லை. பட்டத்து யானையைக் காயப்படுத்தினால் ஆனைவாரியில் வலது கையை வெட்டிவிடுவார்கள்.

மறுநாளே ஒரு சேதி வந்தது. எல்லையோரம் காடை பிடிக்கும் உதிரன் என்ற வேடனை, கையில் வில் இருந்தது என்பதற்காகக் கட்டி இழுத்துப் போயிருக்கிறார்கள். அன்று சாயங்காலம் கை வெட்டு.

"குறுங்காட்டுல வில்லே கிடையாதுன்னுதான் ஊர் உலகம் நம்புது. நீ கம்முன்னு இரு" என்றார் மந்திரி. ராஜா தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

பொலியன் வீட்டுக்கு வந்தான். நடந்ததைச் சொன்னான். அவன் மனைவி நாச்சி விஷயத்தைக் கேட்டு ஓவென்று அழுதாள். "கை போயிட்டா செக்கை யாரு ஓட்டுறது? புள்ளைங்க வாய்க்கு என்ன வழி?" என்றாள். பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு, "அந்த வேடன் வீட்லயும் இப்ப ஒருத்தி இப்படித்தானே அழுதுகிட்டிருப்பா" என்றாள்.

பொலியன் வில்லை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டான்.

யானைமேல் பட்டது தன் அம்பு என்று அவன் சொன்னதைக் கேட்டு, ஆனைவாரி ராஜா வல்வேலன் அவனை ஏற இறங்கப் பார்த்தார். "வேடனைக் காப்பாத்தப் பொய் சொல்ல வந்தவனா நீ? செக்காட்டுறவனுக்கு வில் எதுக்கு? எங்கே, அந்த வாழை மரத்தை அடி பார்க்கலாம்" என்றார்.

முதலில் உதிரனின் கட்டை அவிழ்த்து எய்யச் சொன்னார்கள். மூன்று அம்பும் வாழையில் ஒரே இடத்தில் குத்தின.

பொலியன் வில்லை எடுத்தான். வேண்டுமென்றே தப்பாக எய்தால் போதும், தவறிப்போன அம்பு அவனுடையதுதான் என்று நம்பிவிடுவார்கள். ஆனால் அதுவும் ஒரு பொய்தானே என்று மனசு இடித்தது. உண்மையாகவே வாழையைக் குறிவைத்து, பல்லைக் கடித்துக்கொண்டு எய்தான்.

முதல் அம்பு கூரையில் சொருகிக்கொண்டது. இரண்டாவது அவன் காலடியிலேயே விழுந்தது. மூன்றாவது ராஜாவின் வெண்கொற்றக் குடையைப் பொத்துக்கொண்டு போனது.

பொலியன் விழுந்து கும்பிட்டு, "என் அம்புதாங்க" என்றான்.

வல்வேலன் குடை ஓட்டை வழியாக வானத்தைப் பார்த்தார். பார்த்துவிட்டு வயிறு குலுங்கச் சிரித்தார். "யானையைக் குறிவெச்சிருந்தா இவன் அம்பு யானைகிட்டயே போயிருக்காது! வேணும்னு செஞ்சவனுக்குத்தான் தண்டனை. ஒளிஞ்சிருந்தா தப்பிச்சிருக்கக்கூடிய கை தானா வந்து நீட்டுது. அதை வெட்டினா நான் என்ன ராஜா?" என்று சொல்லி இருவரையும் விடுவித்தார்.

வாசலுக்கு வந்ததும் உதிரன் பொலியனின் வலது கையைப் பிடித்துத் தன் கண்ணில் ஒற்றிக்கொண்டான். "அண்ணே, உங்க அம்புதான் குறி தப்பும், உங்க மனசு தப்பாது" என்றான்.

ஆகவே கேட்டவர்களே, நம் தவறுக்கு இன்னொருவர் தண்டனை அனுபவிக்கும்போது, அஞ்சாமல் முன்னே போய் 'அது நான்தான்' என்று சொல்பவனே உண்மையான வீரன்.