முருகன் கையில் இருப்பது

மலையடி மடத்துக்கு மருந்து வாங்க வருகிறவர்களின் பேர், நோய், கொடுத்த மருந்து எல்லாவற்றையும் பதிந்து வைப்பவர் சடையாண்டி. மடத்துத் தலைவி மெய்யம்மைக்குச் சீடர். வயதில் அவரைவிடப் பத்து வருஷம் மூத்தவர். அன்றைக்கு மத்தியானம் கம்ப்யூட்டருக்குப் பதிலாகப் புதுசாக வந்த தொடுதிரை டேபைக் கொண்டுவந்து மெய்யம்மை முன்னால் டொக்கென்று வைத்தார்.

"இத நீங்களே வச்சுக்குங்கம்மா. என் கம்ப்யூட்டரத் திருப்பிக் குடுங்க. இல்லேன்னா நான் மடத்த விட்டுக் கிளம்புறேன்."

மெய்யம்மை இடித்துக்கொண்டிருந்த சுக்கை ஒதுக்கினார். "என்ன குறைங்கய்யா?"

ஒன்றா, இரண்டா? பதினோரு வருஷம் மேசை போட்டு, பெரிய கம்ப்யூட்டருக்குப் பின்னால் உட்கார்ந்தவர். எதிரே நின்றவர்கள் குரலைத் தாழ்த்தித்தான் பேசுவார்கள். இப்போது தோசைக்கல் அளவுகூட இல்லாத ஒன்றை மடியில் வைத்துக்கொண்டு, மரத்தடிப் பாயில் அவர்களோடு அவர்களாக உட்கார வேண்டியிருக்கிறது. இவர் மருந்து எழுதுகிறாரா, சீரியல் பார்க்கிறாரா என்று ஒருத்தி பக்கத்தில் இருந்தவளிடம் கேட்டாளாம். இன்னொருவர் இதில் கிரிக்கெட் வருமா என்று தலையை நீட்டினாராம்.

"பாத்தா பாத்துட்டுப் போறாங்க" என்றார் மெய்யம்மை.

"பாக்குறதோட நின்னாத் தேவலையே. இன்னைக்கு ஒருத்தி விரலையே வச்சுட்டா."

வைத்தவள் ஊத்துப்பட்டி ராக்காயி. மூட்டுவலிக்காரி. ஆறு மாசமாக மருந்து வாங்குகிறாள். ஆறு மாசமாகத் தலை சுற்றுகிறது என்றும் சொல்லிக்கொண்டிருந்தாள். வெயில் அப்படி என்று சடையாண்டி சொல்லியனுப்புவார். அஞ்சாவது வரை படித்தவள் இன்று பக்கத்தில் உட்கார்ந்து எழுத்துக்கூட்டிவிட்டாள்: ராக்காயி, கணவர் பெயர் வேலு, சர்க்கரை நோய். வேலுவின் மேல் விரலை அழுத்திக்கொண்டு, இது எங்க வீட்டுக்காரர் இல்லை, எனக்குச் சர்க்கரையும் இல்லை, யார் மருந்தை அய்யா எனக்குக் கொடுத்தீர் என்று இருபது பேருக்கு நடுவில் கேட்டாள்.

நினைக்க நினைக்கச் சடையாண்டிக்கு மூக்கு விடைத்தது.

"புருசன் பேரக் கேட்டா வாயத் திறந்து சொல்ல மாட்டா. முருகன் கையில இருக்குமே, அதுன்னா. வேலுன்னு அடிச்சேன். வேலு பொண்டாட்டி ராக்காயி ஒருத்தி ஏற்கெனவே இருந்தா, சர்க்கரைக்காரி. அவதான் இவன்னு நெனச்சுட்டேன். இவ சொன்னது பழனியில முருகன் பிடிச்சிருக்குற தண்டமாம். புருசன் தண்டபாணியாம். இதுல என் தப்பு எங்கம்மா இருக்கு?"

மெய்யம்மையின் முகம் சிவந்தது. "அந்தப் பொண்ணு எங்க?"

"மரத்தடியிலதான். படுத்துக் கிடக்கா."

"சாப்பிட்டாளா?"

அதைச் சடையாண்டி அவளிடம் விசாரித்திருக்கவில்லை.

மெய்யம்மை ஒரு சொம்பு கஞ்சியும் ஒரு துண்டு கருப்பட்டியும் எடுத்துக்கொண்டு விறுவிறுவென்று நடந்தார். டேபைத் தூக்கிக்கொண்டு சடையாண்டி பின்னாலேயே போனார். ராக்காயிக்குக் கண்ணில் தெளிவு வருகிற வரைக்கும் மெய்யம்மை அவள் தலையை மடியில் தாங்கியிருந்தார். பிறகு அத்தனை பேர் பார்க்க அவளைக் கும்பிட்டு, எங்களை மன்னிக்கணும் தாயி என்றார்.

சடையாண்டியால் பொறுக்க முடியவில்லை. தன் குரு கும்பிடுகிறார், அதுவும் வைத்தியம் பார்க்க வந்தவளை.

"பதினோரு வருசம் அந்தக் கம்ப்யூட்டர்ல எழுதியிருக்கேன். ஒருத்தர், ஒரே ஒருத்தர், தப்புன்னு ஒரு வார்த்தை சொன்னதுண்டா?"

மெய்யம்மை சொம்பைக் கழுவிக் கவிழ்த்தார்.

"எப்படிங்கய்யா சொல்லுவாங்க? அவங்க பக்கம் தெரிஞ்சது அதோட முதுகுதானே."