நெட்டிக்குளத்து அறிவிப்பு

நெட்டிக்குளத்தின் மூன்று பக்கமும் செங்குத்தான பாறை. நான்காவது பக்கத்தில் ஒரு வாய்க்கால். அது காட்டைக் கடந்து பெரிய ஆற்றில் போய்ச் சேர்ந்தது. குளத்தில் ஆமைகளும் தவளைகளும் நண்டுகளும் கெளுத்தி மீன்களும் வாழ்ந்தன. கோரைப் புல்லுக்குள் தாழைக்கோழிகள் கூடு கட்டின.

ஒரு பெருவெள்ளத்தில் மூன்று முதலைகள் அந்த வாய்க்கால் வழியாக வந்து சேர்ந்தன. அவற்றின் தலைவன் பெயர் வல்லெயிறன்.

"பயப்படாதீர்கள்! நீர்நாய்களிடமிருந்து உங்களைக் காப்பாற்ற வந்திருக்கிறோம்" என்றது வல்லெயிறன்.

"எங்கள் குளத்தில் நீர்நாயே கிடையாதே!" என்றது கொடுக்கன் என்ற நண்டு.

"பார்த்தாயா? நாங்கள் வந்ததும் ஓடிவிட்டன!" என்றது முதலை.

வெள்ளம் வடிந்தது. முதலைகள் போகவில்லை. ஆழமான மடுவை எடுத்துக்கொண்டன. குளத்துக்கு 'ஆற்றுக்கிளை' என்று புதுப் பெயர் வைத்தன. முதலைகள் தூங்கும்போது தவளைகள் கத்தக் கூடாது, மழை பெய்தாலும் கத்தக் கூடாது என்று சட்டம் போட்டன. மீன்களை மடுவுக்கு விரட்டிக் கொடுக்கும் வேலை குளத்து நீர்க்காகங்களுக்குக் கிடைத்தது. அவற்றுக்குக் கூலி, முதலைகள் தின்று மிஞ்சிய வால்துண்டு. நீர்க்காகங்களின் தலைவன் கருமூக்கன் அந்த வால்துண்டை எல்லோரும் பார்க்கும்படி உயரமான கிளையில் உட்கார்ந்துதான் தின்னும்.

இப்படியே எட்டு மழைக்காலம் போயிற்று.

ஒன்பதாவது வருஷம் கோடை கடுமையாக இருந்தது. பெரிய ஆறு வற்றி, ஆழமாகத் தண்ணீர் நின்ற ஒரே ஒரு கசம் மட்டும் மிஞ்சியது. அதற்காக மேலாற்று முதலைகளும் கீழாற்று முதலைகளும் சண்டைக்கு நின்றன. வல்லெயிறனையும் சண்டைக்குக் கூப்பிட ஆள் வந்தது. மூன்று முதலைகளும் புறப்பட்டன.

போகும் முன் வல்லெயிறன் எல்லோரையும் கூப்பிட்டது. "இத்தனை வருஷம் ஒழுங்காக நடந்துகொண்டீர்கள். மழை பெய்ததும் திரும்பி வருவேன். வந்து உங்களுக்கு விடுதலை கொடுப்பேன். அதுவரை கருமூக்கன் சொல்வதைக் கேளுங்கள்!"

நெட்டிக்குளத்தில் வழக்கு என்று வந்தால் எல்லாம் பொறையன் என்ற ஆமையிடம்தான் போகும். இரண்டு பக்கமும் கேட்டுவிட்டு, நிதானமாகத் தீர்ப்புச் சொல்லும் ஆமை அது. அன்று அதைத் தேடி வந்தது செம்மூக்கி என்ற தாழைக்கோழி.

"பொறையரே, முதலைகள் போய்விட்டன. இந்தக் குளம் நம்முடையது என்று இப்போதே அறிவித்துவிடுங்கள்!"

"அவசரப்படாதே, செம்மூக்கி. விடுதலை கொடுப்பதாக வல்லெயிறனே சொல்லியிருக்கிறது. நான்கு மாதம் பொறுத்தால் சண்டை சச்சரவு இல்லாமல் கைக்கு வரும்."

"அது கொடுத்தால், கொடுத்ததைத் திருப்பியும் கேட்கும்!"

"உன் கூட்டில் ஐந்து முட்டை இருக்கிறது. நாம் ஏதாவது சொல்லிவைத்து, முதலைகள் கோபத்தோடு திரும்பி வந்தால், முதலில் உடைவது அவைதான்."

"போன வருஷமும் ஐந்து முட்டை இட்டேன், பொறையரே. அப்போது நாம் எதையும் அறிவிக்கவில்லை. ஒன்றாவது மிஞ்சியதா?"

ஆமை தலையை ஓட்டுக்குள் இழுத்துக்கொண்டது.

பத்து நாள் கழித்து ஆற்றுப் பக்கமிருந்து ஒரு கொக்கு வந்தது. இரண்டு முதலைகள் சண்டையில் செத்தன என்றது. வல்லெயிறனுக்கு முன்னங்கால் ஒன்று ஒடிந்து, கசத்தின் ஓரத்தில் கிடப்பதாகவும் சொன்னது. செம்மூக்கி மறுபடியும் ஆமையிடம் ஓடியது. இந்தத் தடவை அதன் பின்னால் தாழைக்கோழிக் கூட்டம் முழுவதும் வந்து நின்றது.

"நீங்கள் அறிவிக்காவிட்டால் நாங்கள் அறிவிப்போம்! ஆனால் நாங்கள் சொன்னால் பாதிக் குளம்தான் கேட்கும். நீங்கள் சொன்னால் முழுக் குளமும் கேட்கும்."

பொறையன் வெகுநேரம் யோசித்தது. அதற்குப் பயமாகத்தான் இருந்தது. "சரி, சபையைக் கூட்டு" என்றது.

சபை கூடியது. என்ன சொல்வது என்பதில் பெரிய தகராறு வந்தது. தவளைகளின் பெயர் முதலில் வரவேண்டும் என்றது தொண்டையன் என்ற தவளை. "குளத்தில் அதிகம் செத்தது நாங்கள். எங்கள் பெயர்தான் முதலில்!" என்றன கெளுத்தி மீன்கள். நண்டுகளுக்கு எந்த வளை, ஆமைகளுக்கு எந்தக் கரை என்பதையும் சேர்த்துக்கொள்ள வேண்டும் என்று சிலர் கத்தினார்கள். பாதி நாள் இப்படியே போயிற்று.

பொறையன் வாய்க்கால் முகப்பிலிருந்த பாறைமேல் ஏறியது. அது ஏறி முடிப்பதற்குள் எல்லோரும் களைத்துப்போய் அமைதியாகிவிட்டார்கள்.

"இந்தக் குளம் நம்முடையது. இன்று முதல் நம்மை நாமே ஆள்வோம். மற்றதையெல்லாம் பிறகு பேசிக்கொள்வோம்" என்றது ஆமை.

அவ்வளவுதான். இடி இடிக்கவில்லை. குளத்துத் தண்ணீரும் நிறம் மாறவில்லை. கொஞ்ச நேரம் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். பிறகு தொண்டையன் கத்தியது. எட்டு வருஷம் குரலை அடக்கிவைத்த தவளைகள் எல்லாம் கூடவே கத்தின. செம்மூக்கி கூட்டுக்குப் போய் முட்டைகளின்மேல் உட்கார்ந்து அழுதது.

"நீர்க்காகங்களை விரட்டுங்கள்!" என்றன கெளுத்திகள்.

"அவையும் இங்கே பிறந்தவைதான். இனி தங்கள் இரையைத் தாங்களே தேடிக்கொள்ளட்டும்" என்றது பொறையன்.

கருமூக்கன் கிளையிலிருந்து குனிந்து, "நான் மனசுக்குள் எப்போதும் உங்கள் பக்கம்தான்!" என்றது.

மூன்று நாள் கொண்டாட்டம் நடந்தது. நான்காம் நாள் நண்டு கொடுக்கன் ஆமையிடம் வந்தது.

"பொறையரே, அறிவித்துவிட்டோம். நல்லது. ஆனால் வாய்க்கால் அப்படியே திறந்து கிடக்கிறதே! மழை வந்தால் முதலையும் வருமே!"

அது உண்மை. வாய்க்கால் முகப்பைக் கல்லும் மண்ணும் தாழை முள்ளும் போட்டு அடைக்க முடிவாயிற்று. முதல் நாள் எல்லோரும் வந்தார்கள். இரண்டாம் நாள் பாதிப்பேர் வந்தார்கள். ஒரு வாரத்துக்குப் பின் நண்டுகளும் தாழைக்கோழிகளும் பொறையனும்தான் மிச்சம்.

செம்மூக்கி தவளைகளைக் கூப்பிடப் போனது. தொண்டையன் நெட்டிச் செடியின்மேல் மல்லாந்து கிடந்தது.

"விடுதலை வந்த பிறகும் வேலையா? அப்புறம் அது என்ன விடுதலை?" என்றது தொண்டையன்.

"முதலை வந்தால் என்ன செய்வாய்?"

"முதலைக்குக் கால் ஒடிந்துவிட்டதே! அதுவும் போக, இப்போது எனக்கு உத்தரவு போட நீ யார்?"

செம்மூக்கி தன் பங்கு முள்ளை இழுத்துக்கொண்டு போயிற்று. அடைப்பு முக்கால்வாசி எழும்பியது. தவளைகள் மண் போடவேண்டிய இடத்தில் மட்டும் ஒரு சந்து விட்டுப்போயிற்று.

மழைக்காலம் வந்தது. வாய்க்காலில் தண்ணீர் ஏறியது. ஒரு நாள் காலை அடைப்புக்கு வெளியே வல்லெயிறனின் கண்கள் தெரிந்தன. முதலை இளைத்திருந்தது. ஆனால் பல் எல்லாம் அப்படியே இருந்தது.

"குழந்தைகளே! சொன்ன வாக்கைக் காப்பாற்ற வந்திருக்கிறேன். உள்ளே வந்து, மடுவில் நின்று, முறைப்படி விடுதலை கொடுக்கப்போகிறேன்!"

கூட்டத்தில் முணுமுணுப்பு எழுந்தது. "முறைப்படி வாங்கிக்கொண்டால் நல்லதுதானே?" என்றது ஒரு கெளுத்தி. "நாம் அறிவித்தது செல்லுமா செல்லாதா, யார் கண்டது?" என்றது இன்னொன்று. சிலர் ஆமையைப் பார்த்தார்கள்.

பொறையன் மெல்ல நடந்து அந்தச் சந்துக்குள் இறங்கி நின்றது. அதன் ஓடு சந்தை முழுவதும் அடைத்துக்கொண்டது.

"உன்னிடம் எங்களுக்குத் தர எதுவும் இல்லை, வல்லெயிறா. திரும்பிப் போ!"

"நீயா பேசுவது? எனக்காகக் காத்திருப்போம் என்று நீ சொன்னதைக் கருமூக்கன் எனக்குச் சொல்லியனுப்பியதே!"

"சொன்னேன். அது என் பிழை."

முதலை பாய்ந்தது. ஆமையின் ஓட்டைக் கவ்வி நெரித்தது. ஓடு விரிசல் விட்ட சத்தம் குளம் முழுவதும் கேட்டது. ஆமை நகரவில்லை.

செம்மூக்கிதான் முதலில் பறந்தது. நேராக முதலையின் கண்ணில் கொத்தியது. அதைப் பார்த்து மற்ற தாழைக்கோழிகளும் பாய்ந்தன. நண்டுகள் முதலையின் ஒடிந்த காலைக் கவ்விக்கொண்டன. "கருமூக்கா! இந்தக் கோழிகளை விரட்டு!" என்று அலறியது முதலை. நீர்க்காகம் கிளையை விட்டு அசையவில்லை. எந்தப் பக்கம் ஜெயிக்கும் என்று அது இன்னும் பார்த்துக்கொண்டிருந்தது.

அப்போது தொண்டையன் கத்தியது. "மண்! மண் கொண்டுவாருங்கள்!" தவளைகள் வாயிலும் காலிலும் சேற்றை அள்ளிக்கொண்டு ஓடிவந்தன. கெளுத்திகள் முள்ளை விரித்துக்கொண்டு சந்தின் இரு பக்கமும் நெருக்கின. முதலையால் உள்ளேயும் நுழைய முடியவில்லை, ஆமையை வெளியே இழுக்கவும் முடியவில்லை. மதியம் தாண்டியதும் வெள்ளம் வடியத் தொடங்கியது. இன்னும் நின்றால் வறண்ட வாய்க்காலில் நொண்டிக் காலோடு கிடக்கவேண்டும். வல்லெயிறன் வாயை விட்டது. வடியும் தண்ணீரோடு ஆற்றுக்குப் போயிற்று. அதன்பின் வரவே இல்லை.

பொறையனைக் கரையில் எடுத்துக் கிடத்தினார்கள். மறுநாளே அடைப்பு வேலை மறுபடி தொடங்கியது. வந்தவர்களில் எல்லோரையும்விட உரக்கப் பேசியது கருமூக்கன்தான். அதையும் மண் சுமக்க வைத்தார்கள்.

மூன்றாம் நாள் காலையில் செம்மூக்கி ஆமையின் பக்கத்தில் வந்து உட்கார்ந்தது.

"அடைத்தாயிற்றா?" என்றது பொறையன்.

"அடைத்தாயிற்று, பொறையரே. அந்தச் சந்தும் இப்போது இல்லை."

"யார் யார் வந்தார்கள்?"

"எல்லோரும்."

"தொண்டையனுமா?"

"விடிந்ததிலிருந்து அங்கேதான் இருக்கிறது. கூப்பிட்டாலும் வரமாட்டேன் என்கிறது. உங்கள் முகத்தைப் பார்க்க வெட்கமாம்."

"வெட்கம் எதற்கு? நானும்தான் தாமதமாக வந்தேன்" என்றது ஆமை. வெயில் பாறைமேல் ஏறுவதற்குள் அதன் உயிர் பிரிந்தது.

விடுதலை பெற்றோம் என்று சொல்ல ஒரு வாய் போதும். அதைக் காக்கும் வேலையில் ஒருவர் விட்ட இடத்தை இன்னொருவர் தன் உயிரைக் கொடுத்துத்தான் அடைக்க நேரும்.