இல்லாத இருபத்தொரு சூளைகள்

காற்றைக் கம்ப்யூட்டருக்குள் ஓடவிட்டுப் பார்க்கிற வித்தை ஒன்று இருக்கிறது. புகை எங்கே கிளம்புகிறது, எதோடு எது சேர்ந்து என்ன தூசாக மாறுகிறது, கடைசியில் எந்த ஊர்க்காரன் மூக்கில் போய் ஏறுகிறது என்று அது கணக்குப் போட்டுச் சொல்லும். மாடல் என்பார்கள். அதில் கெட்டிக்காரர், பல்கலைக்கழகத்தில் அதையே சொல்லிக்கொடுக்கும் டாக்டர் வஹீதா. வயது முப்பத்தைந்துகூட ஆகவில்லை.

அவரிடம் சீடராக வந்து நின்றவருக்கோ ஐம்பது தாண்டிவிட்டது. சவரிநாதன், கரம்பக்குளம் பள்ளிக்கூடத்தில் கெமிஸ்ட்ரி வாத்தியார். நீண்ட விடுப்பு எழுதிக் கொடுத்துவிட்டு, கையில் பெட்டியோடு வந்திருந்தார். அங்கே படிக்கிற பிள்ளைகள் இவரைப் பார்த்து, மகனை விடுதியில் சேர்க்க வந்த அப்பா என்று நினைத்துக்கொண்டார்கள்.

"எதுக்குக் கத்துக்கணும்?" என்று கேட்டார் வஹீதா.

"என் சம்சாரம் ஞானப்பூவுக்கு இழுப்புங்க. விடியக்காலையில மூச்சு விட முடியாம சுவரைப் பிடிச்சுக்கிட்டு நிப்பா. பாக்க முடியல. ஊரைச் சுத்தி ஏழு செங்கச் சூளை. அதுங்கதான் காரணம். பொங்கல் கழிச்சு கலெக்டர் கூட்டம் போடறார். கணக்கோட போய் நிக்கணும். சூளையை மூட வைக்கணும்."

"கணக்கு வேற மாதிரி வந்தா?"

"எப்படிங்க வரும்? கண்ணால பாக்கறோமே!"

வஹீதா சிரித்துக்கொண்டே திரையில் கரம்பக்குளத்தைக் காட்டினார். சின்னச் சின்னக் கட்டங்களாக இருந்தது.

"இதுல எங்க வீடு எங்க இருக்கு?" இதுதான் வாத்தியாரின் முதல் கேள்வி.

"மாடல்ல உங்க வீடு தெரியாது, வாத்தியாரே. மூணு கிலோமீட்டருக்கு ஒரு கட்டம். அதுக்குள்ள இருக்கிற அத்தனைக்கும் சேர்த்து ஒரே எண்தான்."

அவருக்குச் சப்பென்று ஆகிவிட்டது. ஆனாலும் விடுகிற ஆளா அவர்? வெயில் பட்டதும் கந்தகப் புகை தூசாக மாறுமே, அது ஏன் சாயங்காலம் குறைகிறது? கடல் காற்று வந்தால் உப்பு எங்கே போகிறது? மழை பெய்தால் எந்தத் தூசு முதலில் இறங்கும்? கேட்டுக் கேட்டு வஹீதாவின் உயிரை வாங்கினார். பள்ளிக்கூடத்தில் இத்தனை வருஷம் பிள்ளைகள் இப்படிக் கேட்டபோதெல்லாம் 'பரீட்சைக்கு வராது, உக்காரு' என்று அதட்டியவர்தான்.

வாரத்துக்கொருமுறை வீட்டுக்குப் பேசுவார்.

"இழுப்பு எப்படி இருக்கு?"

"நீங்க போனதுலேர்ந்து தேவலை" என்பாள் ஞானப்பூ.

"அவ்வளவு தொல்லையா நான்?" என்று சிரித்துக்கொண்டே போனை வைப்பார்.

கரம்பக்குளம் பள்ளிக்கூட மொட்டைமாடியில் தூசு அளக்கிற கருவி ஒன்று வைத்திருந்தார்கள். போன வருஷத் தை மாதம் அது என்ன காட்டியதோ, அதையே மாடலும் காட்ட வேண்டும். அதுதான் பரீட்சை. சவரிநாதன் சூளைகளைப் போட்டார். லாரிகளைப் போட்டார். அரசாங்கப் பட்டியலில் இருந்த விறகு அடுப்புகளை, காலை ஐந்து மணிக்குப் பற்றுவதாக, மணி குறித்துப் போட்டார். ஓடவிட்டார். மாடல் காட்டிய தூசு பாதிகூட இல்லை.

சூளைப் புகையை இரண்டு மடங்கு ஆக்கினார். போதவில்லை. மூன்று. ம்ஹூம். நான்கு மடங்கு வைத்ததும் கருவியின் கோடும் மாடலின் கோடும் ஒன்றன்மேல் ஒன்று போய் உட்கார்ந்தன. மனுஷனுக்குத் தலைகால் புரியவில்லை. ஓடினார் குருவிடம்.

"டாக்டரம்மா, கிடைச்சிருச்சு! நான் சொன்னேன்ல, சூளைதான்!"

வஹீதா சூளைக் கணக்கைத் திறந்து பார்த்தார்.

"உங்க ஊர்ல எத்தனை சூளை?"

"ஏழு."

"இதுல இருபத்தெட்டு எரியுது. மீதி இருபத்தொண்ணு எங்க இருக்கு?"

வாத்தியாருக்குக் கோபம் வந்துவிட்டது. "சூளைக்காரன் குறைச்சுத்தான் காட்டுவான். கோடு பொருந்துதே, அப்புறம் என்ன?"

"காலையில விடியறதுக்குள்ள மைதானத்துக்கு வாங்க" என்றார் வஹீதா. "தீப்பெட்டி எடுத்துக்குங்க."

மறுநாள் இருட்டோடு போனார். வஹீதா ஒரு கை சருகை அள்ளி வைத்தார். "கொளுத்துங்க."

கொளுத்தினார். புகை எழுந்திருக்க மனசில்லாதது போல முழங்கால் உயரத்திலேயே தவழ்ந்தது. கண் எரிந்தது. வாத்தியார் இருமி இருமி ஓய்ந்தார். வஹீதா எழுந்து போய்விட்டார். காலைச் சாப்பாடு, ஒரு வகுப்பு எல்லாம் முடிந்தபிறகு மறுபடி கூப்பிட்டு, அதே இடத்தில் அதே அளவு சருகை வைத்தார். "கொளுத்துங்க."

வெயில் ஏறியிருந்தது. புகை விறுவிறுவென்று மேலே போய்க் காணாமல் போயிற்று.

"இது தெரியாதா எனக்கு?" என்றார் சவரிநாதன் சலிப்போடு. "விடியக்காலை குளிர்ல காத்து படுத்துக் கிடக்கும். வெயில் வந்தா தரை சுட்டுப் புகையை மேல தூக்கிட்டுப் போயிரும். ஒன்பதாங் கிளாசுக்கே நடத்துவேன்."

"நடத்தற நீங்க ஏன் ஊர் அடுப்பையெல்லாம் பத்தரை மணிக்குப் பத்த வெச்சிருக்கீங்க?"

"பத்தரையா? அஞ்சுன்னுதானே போட்டேன்!"

"யாரோட அஞ்சு?"

"எங்க ஊர் அஞ்சுதான்!"

"மாடலுக்கு கிரீன்விச் நேரம்தான் தெரியும். அங்க அஞ்சு மணின்னா கரம்பக்குளத்துல பத்தரை. ராப்பகலா எரியற சூளைக்கு எந்தக் கடிகாரமா இருந்தாலும் ஒண்ணுதான். அடுப்புக்கு அப்படி இல்ல."

அட கடவுளே என்று தலையில் கைவைத்துக்கொண்டு ஓடினார். மணியைத் திருத்தினார். இருபத்தொரு பொய்ச் சூளைகளையும் அழித்தார். மாடல் ஓடி முடிகிறவரை நகத்தைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். கோடு பொருந்தியது. முன்னைவிட நன்றாகவே பொருந்தியது.

அதற்கப்புறம் யாரும் சொல்லாமலே, ஏழு சூளைகளையும் அணைத்து ஓடவிட்டார். விடியற்காலைத் தூசு கொஞ்சம் குறைந்தது. கொஞ்சம்தான். சூளைகளை எரியவிட்டு அடுப்புகளை அணைத்தார். தூசு மளமளவென்று இறங்கிவிட்டது.

அவருக்கு உள்ளூரப் பயமாக இருந்தது. கூட்டத்தில் பேச எழுதி வைத்திருந்ததெல்லாம் போயிற்று. சூளை மூடினால் தன் வகுப்புப் பிள்ளைகளில் பாதிப் பேர் வீட்டில் சோறு இருக்காது என்பது அப்போதுதான் உறைத்தது. இந்த நான்கு மடங்கை நம்பியல்லவா மூடச் சொல்லப் போனோம் என்று தன்னையே நொந்துகொண்டார்.

வஹீதா வந்து பக்கத்தில் உட்கார்ந்தார்.

"சூளைக்கும் பங்கு இருக்குங்க" என்றார் சவரிநாதன், மெதுவாக.

"இருக்கு."

"ஆனா அடுப்புன்னா நம்ப முடியல. எல்லார் வீட்லயும் கேஸ் வந்தாச்சே. சமையல் எல்லாம் அதுலதான்."

"அப்புறம் பட்டியல்ல இருக்கிற விறகெல்லாம் விடியக்காலை எதுக்கு எரியுது?"

"வெந்நீருக்குங்க" என்றார் வாத்தியார், கேள்வி முடிவதற்குள். "கொல்லையில தென்னமட்டை வெச்சு எரிப்பாங்க. கேஸ்ல போட்டா கட்டுப்படியாகுமா? எனக்கெல்லாம் பச்சைத் தண்ணி ஆகவே ஆகாது. ஞானப்பூதான் நாலரைக்கே எழுந்து ஊதி ஊதி..."

போனில் அவள் சொன்னது காதில் கேட்டது.

நீங்க போனதுலேர்ந்து தேவலை.

திரையில் கட்டங்கள் வரிசையாக இருந்தன. அவர் தன் ஊர்க் கட்டத்தின் மேல் விரலை வைத்தார்.

"டாக்டரம்மா, இதுல என் வீடு தெரியாதுன்னு சொன்னீங்களே."

"மாடல்லதான் தெரியாது, வாத்தியாரே."