கூவுவதை விட்ட மைனா

மஞ்சமூக்கி என்றொரு மைனா கம்பளியான் என்ற கரடியிடம் வேலை பார்த்து வந்தது. கரடி தேன் எடுக்கும். மைனா புங்கமரத்து உச்சியில் உட்கார்ந்து, "தேனே! மலைத்தேனே! நாக்குல பட்டா நாலு நாளு இனிக்கும்!" என்று கூவும். அந்தக் குரலைக் கேட்டால் வயிறு நிறைந்தவர்கள்கூட எழுந்து வருவார்கள்.

அந்த வருஷம் மழை முந்திக்கொண்டது. தேன் நீர்த்துப்போனது.

"அண்ணே, இந்தத் தடவை தேன் கொஞ்சம் தண்ணியாத்தான் இருக்குன்னு முன்னாடியே சொல்லிடுவோம். வாங்குறவங்க கோவிச்சுக்க மாட்டாங்க" என்றது மைனா.

"யோசனை சொல்லவா உன்னை வெச்சிருக்கேன்? கூவு!" என்றது கரடி.

மைனா கூவியது. ஆனால் அந்தக் குரலில் பழைய இனிப்பு இல்லை. கூவுவதைவிட, யாருக்கு என்ன வேண்டும், யார் எதற்குப் பயப்படுகிறார்கள் என்று விசாரித்துத் தெரிந்துகொள்வதுதான் தனக்குப் பிடிக்கிறது என்று அதற்கு அன்றைக்குப் புரிந்தது.

"அண்ணே, நான் வேலையை விட்டு நின்னுக்குறேன்."

"நின்னு என்ன பண்ணப்போறே?"

"ஒருத்தர் சொல்றது இன்னொருத்தர் மனசுல ஏறணும்னா எதை, எப்போ, எப்படிச் சொல்லணும்னு யோசனை சொல்லப்போறேன்."

கரடி வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தது. "வாய் இருக்கிறவன் பேசிக்கிறான்! இதுக்கு உன்கிட்ட எவன் வருவான்?"

கரடி சொன்னதுபோலத்தான் ஆயிற்று. ஒருவரும் வரவில்லை. வந்த ஒன்றிரண்டு பேரும், "என் நாவல்பழத்தைக் கூவித் தர்றியா?" என்றுதான் கேட்டார்கள். மைனா மெலிந்துபோனது. பழைய வேலைக்கே போய்விடலாமா என்றுகூட நினைத்தது.

அப்போதுதான் கட்டையன் வந்தது. அது காட்டுப்பன்றிக் கூட்டத்தின் தலைவன். உடம்பெல்லாம் சேறு. முகமெல்லாம் கோபம்.

"மைனா! குளத்துக்கரைக்கு வந்து எங்களைப் புகழ்ந்து கூவணும். 'பன்றிகள் நல்லவர்கள், வல்லவர்கள்'னு கூவு!"

"ஏன் அண்ணே, என்ன நடந்துச்சு?"

நடந்தது இதுதான். குளத்துக்கரையை நண்டுகள் குடைந்துவிட்டன. கரையின் அடியில் தண்ணீர் கசிந்தது. பெருமழை வருவதற்குள் அடைக்காவிட்டால் கரை உடையும். கீழே பள்ளத்தில் குடியிருக்கும் முயல்களும் கீரிகளும் வெள்ளத்தோடு போய்விடும். கரையை அடைக்க வேண்டுமானால் முதலில் தண்ணீரை வடிக்க வேண்டும். மண்ணை முட்டிப் பழகிய பன்றிகள்தான் அந்த வேலைக்கு இறங்கின. அதனால் கட்டையன் கரைமேல் நின்று, "நாளைக்குக் குளத்தை வடிக்கிறோம். எல்லாரும் காலி பண்ணுங்க!" என்று உறுமியிருக்கிறது. உடனே தவளைகள் கூட்டமாக வந்து வழியை மறித்தன. நீர்க்கோழிகள் கொத்த வந்தன. "தாமரைக்கிழங்கு தின்னத்தான் இந்த நாடகம்!" என்று குளமே கத்தியது.

"கிழங்கு மேல ஆசை இல்லையா அண்ணே?" என்று மைனா கேட்டது.

கட்டையன் தரையைப் பார்த்தது. "கொஞ்சம் இருக்கு."

"அப்ப நான் கூவினா வேலைக்காகாது. நான் போய் முதல்ல கேட்டுட்டு வர்றேன்."

மைனா குளத்தங்கரையில் தவளைத் தலைவி பச்சையம்மாவின் பக்கத்தில் போய் உட்கார்ந்தது. ஒன்றும் கூவவில்லை. பச்சையம்மா திட்டித் தீர்க்கும்வரை பொறுமையாக இருந்தது. பிறகு மெல்லக் கேட்டது: "கிழங்கு போனா உனக்கென்னக்கா? நீ கிழங்கு தின்ன மாட்டியே?"

பச்சையம்மா தண்ணீரைக் காட்டியது. "பிள்ளைங்களுக்கு இன்னும் கால் முளைக்கலை. வாலை வெச்சிக்கிட்டு நீந்துதுங்க. தண்ணி வடிஞ்சா எல்லாம் சேத்துலயே காஞ்சு செத்துரும். அதை யாராச்சும் யோசிச்சாங்களா?"

யாரும் யோசிக்கவில்லை. மைனா விர்ரென்று திரும்பிப் பறந்தது.

"அண்ணே, பேச்சை மாத்தினா மட்டும் போதாது. உங்க திட்டத்தையும் மாத்தணும். குளத்துக்குள்ளேயே கிழக்கு மூலையில ஆழமா ஒரு குழி தோண்டுங்க. தலைப்பிரட்டைங்க அதுல இருக்கட்டும். அப்புறம் தண்ணியை வடிக்கலாம். கிழங்கையும் தொடக்கூடாது."

"சரி, நீயே போய்ச் சொல்லு. உன் குரல் இனிக்கும்."

"நான் சொன்னா அது விளம்பரம். நீங்க சொன்னாத்தான் வாக்கு."

சாயங்காலம் கட்டையன் கரைமேல் ஏறியது. மைனா ஒரு கிளையில் வாய் திறக்காமல் உட்கார்ந்திருந்தது.

"கரை உடையப்போகுது. அது நிஜம். காலி பண்ணுங்கன்னு நான் உறுமினது தப்பு" என்று தொடங்கியது கட்டையன். "எங்களுக்குக் கிழங்குன்னா உசிரு. அதுவும் நிஜம். ஆனா இந்தக் குளத்துல ஒண்ணைக்கூடத் தொட மாட்டோம். உங்க பிள்ளைங்களுக்கு முதல்ல குழி தோண்டுறோம். அப்புறம்தான் தண்ணியில கை வைப்போம்."

"தொட்டா?" என்றது பச்சையம்மா.

கட்டையன் மைனாவைத் திரும்பிப் பார்த்தது. மைனா வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தது.

"தொட்டவன் எங்க கூட்டத்துல இருக்க மாட்டான்!" என்றது கட்டையன் உரக்க. பின்னால் நின்ற பன்றிகள் ஒன்றையொன்று பார்த்துக்கொண்டன. அவற்றுக்கும் அது புதுச்செய்திதான்.

பச்சையம்மா ஒரு தாவு தாவி முன்னால் வந்தது. "குழி எங்க வெட்டப்போறே? காட்டு. ஆழம் போதுமான்னு நான் பாக்கணும்."

பன்றிகள் குழி தோண்டின. தலைப்பிரட்டைகள் குழியில் இறங்கின. தண்ணீர் வடிந்தது. தாமரைக்கிழங்குகள் சேற்றில் வெள்ளையாய்த் தெரிந்தன. பன்றிகளின் மூக்கு துடித்தது. ஆனாலும் முகத்தைத் திருப்பிக்கொண்டு மண்ணை முட்டின. நீர்க்கோழிகள் கோரைப்புல்லைக் கொண்டுவந்து கொடுத்தன. நண்டு வளைகள் ஒவ்வொன்றாக அடைபட்டன.

பெருமழை வந்தது. குளம் தளும்பியது. கரை அசையவில்லை. பள்ளத்தில் முயல்கள் நிம்மதியாகத் தூங்கின. கால் முளைத்த குட்டித் தவளைகள் கரையெங்கும் தத்தின.

கட்டையன் மைனாவுக்காக ஈரமண்ணைக் கிளறி, கொழுத்த மண்புழுக்களாக எடுத்துப் போட்டது. மைனா வயிறாரத் தின்றது. தின்று முடிப்பதற்குள் ஒரு முள்ளம்பன்றி தயங்கித் தயங்கி வந்து நின்றது.

"அக்கா, நான் பக்கத்துல போனாலே எல்லாரும் ஓடுறாங்க. என்ன சொல்றதுன்னே தெரியலை."

மைனா அலகைத் துடைத்துக்கொண்டு, "உக்காரு. முதல்ல நீ சொல்லு, நான் கேக்குறேன்" என்றது.

உரக்கக் கூவுவது எளிது. பிறர் அச்சத்தைக் கேட்டறிந்து உள்ளதை உள்ளபடி சொல்ல வைப்பதே அரிய திறமை; அதை நம்பித் தொழில் மாறியவருக்குச் சற்றுத் தாமதமானாலும் உரிய இடம் கிடைக்கும்.