செல்வி கேட்டாலும் கொடுக்காதே

திருச்சியில் ஒரு மகளிர் விடுதி. அதன் மாடி அறை ஒன்றில் மூன்று பெண்கள் தங்கிப் படித்தார்கள். மூவருக்கும் அது கடைசிப் பருவம். அவர்களில் இருவர் இன்றுவரை ஒரு விஷயத்தில் ஒத்துப்போகவில்லை. நடந்ததை நடந்தபடி சொல்கிறேன். தீர்ப்பு உங்களுடையது.

ஜெபசெல்விக்குக் கையில் காசு தங்காது. முகூர்த்த நாள்களில் கல்யாண மண்டப வாசலில் பட்டுப்புடவை கட்டி நின்று, பன்னீர் தெளித்து வரவேற்கும் வேலைக்குப் போவாள். கால் கடுக்க நின்று வாங்கிய சம்பளம் இரண்டு மூன்று நாளில் கரைந்துவிடும். ஒரு செருப்பு, யாருக்கோ பிறந்தநாள் கேக், அறைக்கே பிரியாணி. போன பருவத்தில் தேர்வுக் கட்டணத்துக்காக வகுப்பு முழுவதும் கடன் கேட்டு அலைந்த அவமானம் அவளுக்கு ஆறவே இல்லை. இந்த முறை விடுதிப் பாக்கியும் சேர்ந்திருந்தது. கட்டாவிட்டால் தேர்வு எழுத முடியாது.

அதனால் சம்பளத்தை அவ்வப்போது அறைத்தோழி மெஹருன்னிசாவிடம் கொடுத்துவைத்தாள்.

"பேங்க்ல போட்டா போன்லயே எடுத்து அழிச்சிருவேன்டி. நீ பூட்டி வை. நான் அழுதாலும் குடுக்காத. கால்ல விழுந்தாலும் குடுக்காத. யாரோ சாகக் கிடக்காங்கன்னு சொன்னாலும் பொய்யின்னு வச்சுக்க. சத்தியம் பண்ணு."

மெஹர் சத்தியம் செய்தாள். மூன்றாமவளான பவதாரிணி கட்டிலில் படுத்தபடி இதைக் கேட்டுச் சிரித்தாள்.

சிரிப்பு நீடிக்கவில்லை. பொங்கல் கழிந்ததும் செல்வி வந்து, ஊரில் அம்மாவுக்கு மருந்து வாங்க வேண்டும் என்று கண்ணீர் விட்டாள். மெஹர் மறுத்துவிட்டாள். அது கொடைக்கானல் சுற்றுலாவுக்கான கண்ணீர் என்பது இரண்டு நாளில் தெரிந்தது. "நல்லவேளை, நீ குடுக்கல" என்று செல்வியே மெஹரைக் கட்டிக்கொண்டாள்.

மார்ச் மாதம் ஒரு காலையில் செல்விக்கு அவள் அக்கா அருள்மேரியிடமிருந்து போன் வந்தது. அருள்மேரி திண்டுக்கல் பக்கம் ஒரு நூற்பாலையில் வேலை செய்தாள். தங்கையைக் கல்லூரியில் சேர்ப்பதற்காக ஆலையில் முன்பணம் வாங்கியவள் அவள். அதற்கு ஈடாக அவளுடைய சான்றிதழ்களை மேலாளர் வைத்துக்கொண்டிருந்தார். அங்கே நிலைமை மோசமாகி, வேலையை விடுவதாக அவள் மேலாளரிடம் சொல்லியிருந்தாள். இன்று மாலைக்குள் பாக்கியைக் கட்டினால் சான்றிதழைத் தருவதாகவும், இல்லையென்றால் இன்னும் ஒரு வருடத்துக்குக் கையெழுத்துப் போட்டாக வேண்டும் என்றும் மேலாளர் சொல்லிவிட்டார்.

செல்வி அறைக்கும் வராந்தாவுக்குமாக நடந்தாள். உட்கார்ந்தாள், எழுந்தாள். பிறகு மெஹரின் முன்னால் வந்து நின்றாள்.

"இது நெசம் மெஹர். அக்காவுக்குப் போன் போட்டுத் தாரேன், பேசு."

அக்கா எடுக்கவில்லை. ஆலைக்குள் போனைக் கொண்டுபோக விடமாட்டார்கள் என்றாள் செல்வி. பிறகு உண்மையாகவே காலில் விழுந்தாள்.

மெஹர் அவளைத் தூக்கி நிறுத்தினாள். "தர மாட்டேன் செல்வி. என்னை மன்னிச்சிரு." அவ்வளவுதான் சொன்னாள். அலமாரியைப் பூட்டி, சாவியைத் தலையணைக்கு அடியில் போட்டுவிட்டு, துப்பட்டாவைச் சுற்றிக்கொண்டு வெளியே போய்விட்டாள்.

பவதாரிணியால் ஓரிடத்தில் இருக்க முடியவில்லை. மணியைப் பார்த்தாள். ஜன்னலுக்குப் போனாள். வராந்தாவில் செல்வி சுவரோடு சாய்ந்து நின்ற விதம் நடிப்பாக அவளுக்குத் தோன்றவில்லை. மெஹர் முகம் கொடுக்க முடியாமல் ஓடிவிட்டாள் என்று நினைத்தாள். சாவியை எடுத்து அலமாரியைத் திறந்தாள். பணம் முழுவதையும் செல்வியின் கையில் வைத்தாள்.

"மெஹர் குடுக்கச் சொன்னாளா?"

"சொன்னா. நீ கெளம்பு, பஸ்ஸப் பிடி."

செல்வி படிக்கட்டில் தடதடவென்று இறங்கி ஓடினாள்.

அரை மணி நேரம் கழித்து மெஹர் வந்தாள். கல்லூரியில் சேரும்போது அவள் அம்மா போட்டுவிட்ட வளையல் கையில் இல்லை. அடகுக்கடையில் வாங்கிய பணம் இருந்தது. "செல்வி எங்க? இத அவகிட்ட குடுக்கணும்" என்று மூச்சிரைக்கக் கேட்டாள்.

பவதாரிணி நடந்ததைச் சொன்னாள்.

செல்வி சொன்னது உண்மைதான். அன்று மாலையே அருள்மேரி சான்றிதழ்களோடு ஆலையைவிட்டு வெளியே வந்தாள். செல்வியின் கட்டணத்தை வளையல் பணத்தில் மெஹர் கட்டினாள். செல்வி தேர்வு எழுதினாள். கோடை முழுக்க மண்டப வாசல்களில் நின்று வளையலையும் மீட்டுக்கொடுத்தாள். ஆனால் மற்ற இருவருக்கும் பேச்சு முறிந்தது.

"அரை மணி நேரம் பொறுத்திருந்தா யார் வாக்கும் உடைஞ்சிருக்காது" என்கிறாள் மெஹர்.

"நீ திரும்பி வருவேன்னு எனக்கு எப்படித் தெரியும்? அவளுக்கு அந்த அரை மணி நேரம் இல்லாமப் போயிருந்தா?" என்கிறாள் பவதாரிணி.

கேட்டவர்களே, சொல்லுங்கள். பணத்தைத் தர மறுத்து வளையலை அடகு வைத்தவள், மறைவாகப் பணத்தை எடுத்துக் கொடுத்தவள். இந்த இருவரில் யார் செய்தது சரி?

என் விடை இது. செல்வி சொன்னது உண்மையா என்று அந்த நேரத்தில் இருவருக்குமே தெரியாது. பொய்யாக இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று பாருங்கள். பவதாரிணியின் கையை விட்டு ஒரு காசும் போயிருக்காது, செல்வியின் தேர்வுதான் போயிருக்கும். மெஹர் ஏமாந்திருந்தால் அவளுடைய வளையல் மட்டும்தான் போயிருக்கும். சந்தேகமான இடத்தில் அடுத்தவள் உடைமையை வைத்து இரக்கம் காட்டியதைவிட, தன் உடைமையை வைத்து இரக்கம் காட்டியதே சரி. ஆகவே மெஹர் பக்கம்தான் நான். ஆனாலும் எங்கே போகிறேன் என்று வாசலில் நின்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டுப் போயிருந்தால், அவளுக்கு இன்று இரண்டு தோழிகள் இருந்திருப்பார்கள்.