மாடத்தி நடந்து சேத்த குடம்

ஒரு ஊர்ல ஒரு மாடத்தி இருந்தா. ஓட்டம்னா ஓட்டம், அப்படி ஒரு ஓட்டக்காரி... இரு, இரு. மொதல்ல நீ சாஞ்சு உக்காரு. இப்பத்தான் வாந்தி எடுத்திருக்க, அதுக்குள்ள மல்லாக்கப் படுக்காத. தலகாணிய முதுகுக்கு வை. ஆங், அப்படி.

ஏட்டி நிறைமதி, நாலு பூரிய முழுங்கிட்டு உடனே மொட்டமாடில திங்கு திங்குன்னு ஓடுனா வயிறு சும்மா விடுமா? நாளைக்கு ஸ்கூல்ல ஓட்டப்பந்தயம்னா, இன்னைக்குச் சாப்பிட்ட வாய் காயறதுக்குள்ளயா ஓடிப் பழகுவாக? போர்வைய மாத்துனது யாரு? ஒங்கப்பனா? அவன் மூக்கப் பொத்திக்கிட்டு அந்தால போயிட்டான். இந்த அத்தைதான். சரி, சவத்த விடு. கதைக்கு வாரேன். நீ "ம்" கொட்டணும். கொட்டலன்னா லைட்ட அணைச்சுட்டுப் போயிக்கிட்டே இருப்பேன்.

ம். நல்ல புள்ள.

மாடத்தி ஊரு ஓடக்கரை. பக்கத்து ஊரு மேலக்காடு. ரெண்டு ஊருக்கும் சேத்து ஒரே குளம். யாரு வயலுக்கு முதல் தண்ணின்னு வருஷா வருஷம் சண்டை. அடிச்சு உருண்டு அலுத்துப்போயி, ஒரு ஏற்பாடு பண்ணிக்கிட்டாக. அம்மன் கோயில் கொடைத் திருவிழா அன்னைக்கு, ஊருக்கு ஒரு ஆளு ஆத்துக்குப் போயி, குடத்துல தண்ணி மோந்து, கோயிலுக்கு ஓடியாரணும். குடத்தக் கீழ வைக்கக் கூடாது, வேற ஆளு கைக்கு மாத்தவும் கூடாது. எந்த ஊருக் குடம் முதல்ல வருதோ அந்த ஊருக்கு முதல் தண்ணி. மத்த ஊருக்கு மிச்சம் மீதி.

இந்த மாடத்திக்கு அம்மா மட்டுந்தான். பேரு பேச்சி. அவுகளுக்கு இருந்ததே ஒரு துண்டு வயலு, அதுவும் ஓடக்கரையிலேயே கடைசி வயலு. முதல் தண்ணி கிடைச்சாத்தான் அங்கன வரைக்கும் எட்டும். கிடைக்கலன்னா நெல்லு கருகிரும், பேச்சி புள்ளய விட்டுட்டு வெளியூருக்கு நாத்து நடப் போயிருவா. மாசக்கணக்குல வரமாட்டா. அதனால மாடத்திக்கு ஒரே எண்ணந்தான், "இந்த வருஷம் எங்கம்மா வீட்ல இருக்கணும்." அதுக்காகத்தான் குடத்தத் தூக்குனா.

அப்போ அந்த ஊர்ல ஒரு கூறுகெட்ட பழக்கம். குடம் தூக்குற ஆளுக்கு வீட்டுக்கு வீடு ஊட்டிவிடுவாக. எந்த வீட்டுச் சோறு அவ வயித்துல இல்லையோ, அந்த வீட்டு வயலுக்குத் தண்ணி வராதுன்னு ஒரு நம்பிக்கை. யாரு கண்டுபிடிச்சாகளோ! அப்போ யாரு விடுவா? ஒரு வீட்ல அதிரசம், ஒரு வீட்ல புளியோதரை, ஒரு வீட்ல கறிக்கொழம்பு, அதுக்கு மேல ஒரு சொம்பு மோரு. "போதும் சித்தி"ன்னா, "எங்க வயலு காயணுமாட்டி?"ன்னு ஒரு அழுகை. இவளும் வாயத் தொறந்தா. லொபக், லொபக், லொபக்.

முதல் வருஷம் ஓடுனா. தட தட தடன்னு ஓடுனா. ஆத்துல மோந்துக்கிட்டுத் திரும்புனா. பனங்காட்டுப் பக்கம் வந்தவுடனே வாயில எச்சி ஊறுச்சு. நெத்தி சில்லுன்னு வேத்துச்சு. வயிறு கொட கொட கொட. நின்னா. உவ்வே! குடம் டமால்.

ம்? தூங்கிட்டியா? ஓ, சிரிக்கியா. கொஞ்ச நேரத்துக்கு முன்னால இந்தக் கட்டில்ல நடந்தது என்னவாம்?

அப்புறம் முதல் தண்ணி மேலக்காட்டுக்குப் போச்சு. பேச்சி துணிமணிய மூட்ட கட்டிக்கிட்டுக் கெளம்பிட்டா. ஊர்ச்சனம் என்ன சொல்லுச்சு தெரியுமா? "கண்ணு பட்ருச்சு." மிளகாயும் உப்பும் சுத்தி அடுப்புல போட்டாக. பட பட படன்னு வெடிச்சுச்சு. வேற என்ன ஆச்சு? ஊரே இருமுச்சு, அம்புட்டுதான்.

ரெண்டாம் வருஷம் ஊர்த் தலைவர் ஒருத்தர் வந்தாரு, பெரிய மூளக்காரரு. "சோத்தாலதான் வாந்தி வந்துச்சு. இந்த வருஷம் பச்சத்தண்ணி பல்லுல படக்கூடாது. ஊரே சேந்து விரதம்." அந்தப் பக்கம் போனா அந்தக் கோடி, இந்தப் பக்கம் வந்தா இந்தக் கோடி. நடுவுல நிக்கவே தெரியாத சனம், என்ன செய்ய? உச்சி வெயில்ல வெறும் வயித்தோட ஓடுனா. கண்ணு இருட்டிக்கிட்டு வந்துச்சு. பாதி வழியில தண்ணிப்பந்தல் இருந்துச்சு. குடத்த இடுப்புல இடுக்கிக்கிட்டே ஒரு சொம்புத் தண்ணிய மூச்சு விடாம மடக் மடக் மடக்குன்னு குடிச்சா. குடிச்ச கையோட திரும்ப ஓட்டம். தண்ணி உள்ள களக் களக்குன்னு ஆடுச்சு. அப்புறம்? உவ்வே! டமால்.

பேச்சி திரும்பவும் மூட்ட கட்டுனா. பஸ் ஏறும்போது மாடத்தி அவ முந்தானையப் பிடிச்சுக்கிட்டு விடல. கண்டக்டர் விசில் மேல விசில் ஊதுறாரு. பேச்சி ஒவ்வொரு விரலாப் பிரிச்சு எடுத்துட்டு ஏறிப் போனா. பாவம், ரெண்டு பேரும் அழுதாக.

ம். ஆமாட்டி, எனக்கும் கஷ்டமாத்தான் இருக்கு.

அப்போ மாடத்திக்கு வந்துச்சு பாரு கோவம்! "என் வயிறு, என் காலு. இனி எவன் பேச்சையும் கேக்க மாட்டேன்." தானே ஓடிப் பாத்தா. தின்னவுடனே ஓடிப் பாத்தா, குமட்டுச்சு. பட்டினி கிடந்து ஓடிப் பாத்தா, அப்பவும் குமட்டுச்சு. கொஞ்சமாக் கஞ்சி குடிச்சு, அது செமிச்ச பிறகு ஓடுனா, குமட்டல. தண்ணிய வாய் வாயாக் குடிச்சா ஒண்ணும் பண்ணல. வேகமா ஓடிட்டுப் படக்குன்னு நின்னா வயிறு பெரட்டுது, மெதுவா நடந்துக்கிட்டே இருந்தா அடங்குது. ஓடும்போது ரத்தமெல்லாம் காலுக்குப் போயிருதுட்டி. அப்போ வயித்துல கிடக்குற சோத்த யாரு அரைக்கிறது? வயிறு, "என்னால முடியாது, நீயே வச்சுக்கோ"ன்னு வாய் வழியாத் திருப்பி அனுப்பிருது. இதத்தான ஒனக்கு நான் நித்தமும் சொல்லுதேன்? கேட்டியா நீ?

மூணாம் வருஷம் வந்துச்சு. தலைவரு, "இந்தத் தடவயும் கொட்டுன, அடுத்த வருஷத்துல இருந்து வேற ஆளு"ன்னுட்டாரு. காலையில பாத்தா தெருவே தட்டோட நிக்கி. பட்டினி போட்டது தப்புன்னு திரும்ப அதிரசத்துக்கு வந்துட்டாக! மாடத்தி, "நான் திங்க மாட்டேன்"ன்னா. ஒரே கூச்சல். "எங்க வயலு?" "எங்க வயலு?" அதுக்கு மேல பேச்சியும் கொழுக்கட்டயோட நிக்கா. "நான் செஞ்சதையுமா வேண்டாங்குத?"

"எம்மா, இதத் தின்னா நான் வாந்தி எடுப்பேன். வாந்தி எடுத்தா நீ பஸ் ஏறுவ. ஒனக்கு எது வேணும்?"

பேச்சி கொழுக்கட்டயக் கீழ வச்சுட்டு, ஒரு சட்டியத் தூக்கிக்கிட்டு வீடு வீடாப் போனா. "ஒரு சிட்டிகை அரிசி போடு. ஒரு சிட்டிகைதான். கூட ஒரு மணி போட்ட, கையத் தட்டிவிட்ருவேன்." எல்லா வீட்டு அரிசியும் சேந்து ஒரு கைப்பிடி வந்துச்சு. அதுல கஞ்சி காச்சி, உப்புப் போட்டு, ஒரு டம்ளர். "இந்தா, ஊரு மொத்தமும் இதுக்குள்ள இருக்கு. யாருக்காவது கொறை இருக்கா?" குடிச்சுட்டு, அது செமிக்கிற வரைக்கும் மாடத்தி வேப்பமர நெழல்ல உக்காந்திருந்தா.

அப்புறம் ஓடுனா. மேலக்காட்டு ஆளு கொம்பையா, குதிர மாதிரி முந்திப் போயிட்டான். இவ தன் பாட்டுக்குப் போனா. தண்ணிப்பந்தல்ல ரெண்டே வாய். பனங்காட்டுப் பக்கம் வந்தா, திரும்ப எச்சி ஊறுது! நெத்தி வேக்குது! அப்போ என்ன செஞ்சா?

ம்... சொல்லு, என்ன செஞ்சா?

நடந்தா! ஓட்டத்தக் கொறச்சு, மூக்கால மூச்ச இழுத்து, பைய்ய நடந்தா. ஓடக்கரையே வழியில நின்னு கத்துது. "ஓடுட்டி! ஏட்டி ஓடு! குடியக் கெடுத்துறாதட்டி!" தலைவரு துண்டத் தலையில போட்டுக்கிட்டு உக்காந்துட்டாரு. அப்போ கூட்டத்துக்குள்ள இருந்து ஒரே ஒரு குரல், பேச்சி குரல். "எம் மவளே, நீ நட. மெதுவாவே நட. நான் எங்கயும் போகல."

நடந்தா. வயிறு அடங்குச்சு. திருப்பத்துல பாத்தா, கொம்பையா புளியமரத்தப் பிடிச்சுக்கிட்டு, உவ்வே உவ்வேன்னு ஓங்கரிச்சுக்கிட்டுக் கிடக்கான். அவன் குடமும் டமால். மேலக்காட்டுலயும் அதிரசம் சுட்டிருப்பாக போல! "ஏல, படக்குன்னு நின்னுறாத, நெழல்ல நட, தண்ணிய வாய் வாயாக் குடி"ன்னு சொல்லிட்டு இவ போயிட்டா. ஒரு சொட்டு சிந்தாம, நடந்தே கோயிலுக்குள்ள போனா.

ஊரே ஓடியாந்துச்சு. ஒரு கையில அதிரசம், ஒரு கையில கறிக்கொழம்பு! பேச்சி கரண்டியத் தூக்கிக்கிட்டு முன்னால வந்து நின்னா. "எவளாவது கிட்ட வந்தீக, மண்டையப் பொளந்துருவேன்!" அப்புறம் ஈரத்துணியால மக கழுத்தத் தொடச்சா. மாடத்திக்குக் காலு ஓய்ஞ்சு, மூச்சு ஆறி, தானாப் பசிச்ச பிறகுதான் ஒரு கொழுக்கட்ட குடுத்தா. அந்த வருஷம் கடைசி வயலுக்கும் தண்ணி வந்துச்சு. ஓடக்கரைக்கு வந்த பஸ்ஸு பேச்சி இல்லாமத்தான் போச்சு.

நாளைக்குக் காலையில ஒங்க ஆச்சி நெய்ப்பொங்கலோட வருவா. அதத் தொடாத. இட்லி ஒண்ணு, அதுவும் நேரத்தோட. பந்தயத்துல குமட்டுனா நட. சிரிக்கிறவ சிரிக்கட்டும். நான் அங்கதான் கரண்டியோட நிப்பேன்.

குடம் கோயில் சேந்துருச்சு, கதையும் கரை சேந்துருச்சு. தூங்குட்டி.