கூழில் கலந்த மருந்து

உண்ணாமுலை அம்மையின் மடத்தில் ஏடு கிடையாது. புத்தகம் கிடையாது. சுவரில் ஒரு வரிகூட எழுதி வைத்ததில்லை. மடத்துக்கு என்று இருந்ததெல்லாம் நூற்றெட்டுச் சொல். சொல் என்றால் ஒற்றை வார்த்தை இல்லை, சில நிமிஷம் நீளும் உபதேசம். அத்தனையும் அம்மையின் வாயில் இருந்தன.

வாரத்துக்கு ஒரு சொல். திங்கட்கிழமை காலை, கேழ்வரகுக் கூழைக் குடித்து முடித்ததும் அம்மை சொல்லுவார். சீடன் காதால் வாங்கி மனதில் வைத்துக்கொள்ள வேண்டும். எழுதக் கூடாது, செல்போனில் பதியக் கூடாது, திரும்பச் சொல்லுங்கள் என்று கேட்கவும் கூடாது. ஆறு தலைமுறையாக இப்படித்தான் வந்துகொண்டிருந்தது. ஏழாவது ஆள் பரஞ்சோதி. அவரை விட்டால் வேறு சீடர் யாரும் இல்லை.

பரஞ்சோதி ஒன்றும் சின்னப் பையன் இல்லை. ஐம்பத்து நான்கு வயது. போளூரில் இருபத்தாறு வருஷம் மருந்துக் கடையில் நின்றவர். மனைவி இறந்த பிறகு கடைச் சாவியைத் தம்பியிடம் கொடுத்துவிட்டு மலையடிவாரத்துக்கு வந்தார். அம்மைக்கு அறுபத்தெட்டு.

எழுபத்தேழு சொல் வரைக்கும் ஒரு சிக்கலும் இல்லை. எழுபத்தெட்டாவது சொல்லை அம்மை மூன்று திங்கட்கிழமை சொன்னார்.

பரஞ்சோதி கணக்குப் போட்டுப் பார்த்தார். மீதி முப்பது சொல் அந்த ஒரு தலைக்குள் இருக்கிறது. தலை தடுமாறினால் முப்பதும் போச்சு. பாடத்தை எழுதக் கூடாது என்பதுதானே விதி? மறதியை எழுதக் கூடாது என்று யாரும் சொல்லவில்லையே. முதல் வாரமே ஒரு நாற்பது பக்க நோட்டு வாங்கிவிட்டார்.

ஜூன் 3. நடுவில் நிறுத்தி ஜன்னலைப் பார்த்தார். இருபது நொடி.

ஜூன் 10. அதே சொல். என்னைச் சபாபதி என்று கூப்பிட்டார். முன்பு இங்கே சீடராக இருந்த சபாபதி இறந்து பதினாறு வருஷம் ஆகிறது.

ஜூன் 17. அதே சொல். பதினொரு நிமிஷம். வலது கை நடுங்கியது.

அன்று மத்தியானமே கேட்டுப் பார்த்தார்.

“அம்மா, ஞாபக சக்திக்கு நல்ல மாத்திரையெல்லாம் வந்திருக்கு. வாங்கிட்டு வரட்டுமா?”

“எதுக்கு? டாக்டர் குடுத்த இதய மாத்திரை ஒண்ணு போதும். அதை முழுங்கவே எனக்குக் கஷ்டமா இருக்கு.”

“வயசுக்கு நல்லதும்மா.”

“வயசுக்கா, எனக்கா?” என்று சிரித்துவிட்டு அம்மை எழுந்து போனார்.

அதோடு விட்டிருக்கலாம். பரஞ்சோதி விடவில்லை. தம்பியின் கடைக்குப் போய் மூன்று டப்பா வாங்கி வந்தார். ஒன்று ஆன்டி-ஆக்ஸிடன்ட், முதுமையைத் தள்ளிப்போடுமாம். ஒன்று உயிரணுக்களுக்குச் சக்தி தருமாம். ஒன்று மூளைக்கு. ‘இரும்பு துருப்பிடிக்கிற மாதிரி உடம்பும் துருப்பிடிக்குது சார், இது துருவைத் துடைச்சிடும்’ என்று கல்லாவுக்குப் பின்னால் நின்று எத்தனை பேரிடம் சொல்லியிருப்பார். சொல்லிச் சொல்லி அவரே நம்பிவிட்டிருந்தார்.

கேப்ஸ்யூலைப் பிரித்துத் தூளைக் கூழில் கொட்டினார். கசப்பு தெரியாமலிருக்க மோரைக் கொஞ்சம் கூடுதலாக ஊற்றினார். தானும் வேளைக்கு இரண்டு போட்டுக்கொண்டார். வாங்கி வைக்கிற தலையும் நன்றாக இருக்க வேண்டுமல்லவா?

மடத்தில் ஒரு விதி இருந்தது. குருவின் உணவில் சொல்லாமல் எதையாவது சேர்க்கிறவனுக்கு அன்றோடு சொல் நிற்கும். அவன் வெளியேற வேண்டும். எந்தக் காலத்திலோ யாரோ எதையோ கலந்திருக்க வேண்டும், விதி சும்மா வராது. பரஞ்சோதிக்கு அது தெரியும். தெரிந்தேதான் கலக்கினார்.

எழுபத்தொன்பது, எண்பது, எண்பத்தொன்று தடங்கல் இல்லாமல் வந்தன. மருந்து வேலை செய்கிறது என்று அவர் மனம் குளிர்ந்தது. அளவை இரண்டு மடங்காக்கினார்.

அந்த வியாழக்கிழமை அம்மைக்கு ஆடிக்கொண்டிருந்த கடைவாய்ப் பல்லைப் பிடுங்க வேண்டி வந்தது.

பல் டாக்டர் நஸ்ரின் காலை பதினொரு மணிக்குப் பல்லை எடுத்தார். அரைமணியில் ரத்தம் நிற்கும் என்றார். ஒரு மணிக்கும் நிற்கவில்லை. மூன்று மணிக்கு அம்மையை மறுபடி அதே நாற்காலியில் சாய்த்திருந்தார்கள். வாய் நிறையப் பஞ்சு. வைத்த பஞ்சு அடுத்த நிமிஷமே சிவந்தது.

“இதய மாத்திரை தவிர வேற என்ன சாப்பிடுறாங்க?” என்று நஸ்ரின் கேட்டார்.

“வேற எதுவும் இல்ல டாக்டர்.”

“நல்லா யோசிச்சுச் சொல்லுங்க. அந்த ஒரு மாத்திரைக்கு இவ்வளவு வராது.”

“இல்ல.”

“லேகியம்? நாட்டு மருந்து? யாராவது குடுத்த சத்து மாத்திரை?”

பரஞ்சோதிக்குக் கூழில் கலந்த டப்பாக்கள் நினைவுக்கு வந்தன. மூளை டப்பாவில் இருந்தது ஜிங்கோ இலைச் சாறு. இன்னொன்றில் வைட்டமின் ஈ. அம்மையைப் போல இதயத்துக்காக ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடுகிறவர்களுக்கு இதையெல்லாம் சேர்த்துக் கொடுக்கக் கூடாது என்று அவரே எத்தனையோ பேருக்குச் சொல்லியிருக்கிறார். கொஞ்சம்தானே என்று நினைத்திருந்தார். பிறகு கொஞ்சத்தை இரண்டு மடங்காக்கியதும் அவர்தான்.

அம்மை அவரைப் பார்த்தார். வாயில் பஞ்சு இருந்ததால் பேச முடியவில்லை.

இன்னும் இருபத்தேழு சொல் இருக்கிறது என்றுதான் பரஞ்சோதிக்குத் தோன்றியது. வெட்கம் கெட்ட மனசு, அந்த நேரத்திலும் அதைத்தான் எண்ணியது. உண்மையைச் சொன்னால் இருபத்தேழும் தனக்கு இல்லை. சொல்லாவிட்டால் இந்த டாக்டரே எப்படியாவது ரத்தத்தை நிறுத்திவிட மாட்டாரா?

“இல்ல டாக்டர்,” என்றார் மூன்றாவது தடவையாக.

நஸ்ரின் பஞ்சை மாற்றினார். அம்மையின் நாடியைப் பிடித்துப் பார்த்தார். உடனே கதவுப் பக்கம் திரும்பினார்.

“சிஸ்டர், ஆம்புலன்ஸுக்குப் போன் பண்ணுங்க.”

அம்மையின் கை நாற்காலியின் பக்கவாட்டில் வழுக்கிக் கீழே தொங்கியது. பரஞ்சோதி அதை எடுத்துப் பிடித்தார். ஜில்லென்று இருந்தது.

“குடுத்தேன்,” என்றார்.

“என்னது?”

“கூழில கலந்து குடுத்தேன். அவங்களுக்குத் தெரியாது.”

“எத்தனை நாளா?”

“இருபத்து நாலு நாள்.”

“என்னென்ன?”

பரஞ்சோதி சொன்னார். பெயர், மில்லிகிராம், எந்தத் தேதியிலிருந்து அளவு கூடியது, எல்லாம் ஒரு பிசகு இல்லாமல் சொன்னார். நஸ்ரின் எழுதிக்கொண்டே வந்தவர் நிமிர்ந்தார்.

“இவ்வளவு தெரியுதே. நீங்க என்ன வேலை பாத்தீங்க?”

“மருந்துக் கடையில. பார்மசிஸ்ட்.”

நஸ்ரின் அம்மையின் பக்கம் திரும்பினார். ஈறில் தையல் போட்டார், மருந்தில் நனைத்த துணியை வைத்து அழுத்தினார், பெரிய ஆஸ்பத்திரிக்குப் போன் செய்து பட்டியலை வரிவரியாகப் படித்தார். ஆம்புலன்ஸில் பரஞ்சோதி அம்மையின் காலருகே உட்கார்ந்து, வாயைப் பொத்திக்கொண்டு அழுதார். ஆஸ்பத்திரியில் விளக்குப் போடுகிற நேரத்துக்கு ரத்தம் நின்றது. இன்னும் ஒரு மணி நேரம் போயிருந்தால் சிரமம் என்று அங்கிருந்த டாக்டர் சொன்னார்.

மறுநாள் காலை அம்மை கட்டிலில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். ஒரு பக்கக் கன்னம் வீங்கியிருந்தது. பரஞ்சோதி தோளில் துணிப் பையோடு கட்டிலின் கால்மாட்டில் வந்து நின்றார்.

“எங்கப்பா கிளம்பிட்ட?”

“விதி அப்படித்தானேம்மா.”

“விதியை அப்புறம் பாத்துக்கலாம். உட்காரு.”

அவர் ஸ்டூலின் நுனியில் உட்கார்ந்தார்.

“உங்களுக்குத் தெரியுமாம்மா? கூழ் கசக்கலையா?”

“கசந்துச்சு. உனக்கு மோர் உறை ஊத்தத் தெரியலைன்னு நெனச்சேன்.”

பரஞ்சோதி தலையைக் குனிந்துகொண்டார்.

“எதுக்குச் செஞ்ச?”

“பயந்துட்டேம்மா.”

“நான் செத்துடுவேன்னா?”

“இல்ல... மறந்துடுவீங்கன்னு.”

“ஓகோ. செத்தா பரவாயில்லையா?”

எவ்வளவு பெரிய பாவத்தைச் செய்துவிட்டு, அதற்கு எவ்வளவு சின்னக் காரணத்தை வைத்திருக்கிறோம் என்று அவருக்கு உடம்பு கூசியது. ஆனாலும் தன் பக்கத்தில் கொஞ்சமாவது நியாயம் இருக்கிறது என்று காட்டிவிட மனசு துடித்தது. பையிலிருந்து நோட்டை எடுத்து நீட்டினார்.

“ஒரே சொல்லை மூணு வாரம் சொன்னீங்கம்மா. இதுல இருக்கு பாருங்க.”

அம்மை நோட்டைத் தள்ளிப் பிடித்துப் படித்தார்.

“இருபது நொடி... பதினொரு நிமிஷம்... என் கை நடுங்கினதைக்கூட எழுதியிருக்க.”

“ஆமாம்மா.”

“ஒண்ணு விடாம கவனிச்சிருக்க.”

“ஆமாம்மா.”

அம்மை அடுத்த பக்கத்தைப் புரட்டினார். இன்னொரு பக்கத்தையும் புரட்டிப் பார்த்துவிட்டு நோட்டை மூடி மடியில் வைத்துக்கொண்டார்.

“மறதி இருக்கு பரஞ்சோதி. பொய் சொல்லல. மத்ததெல்லாம் நிக்குது. அந்த எழுபத்தெட்டு மட்டும் வைகாசியிலயே நழுவ ஆரம்பிச்சுது. முழுசாப் போறதுக்குள்ள உன்கிட்ட சேத்துடணும்னுதான் மூணு வாரம் சொன்னேன்.”

பரஞ்சோதி நிமிர்ந்து பார்த்தார்.

“நெனச்ச மாதிரியே போயிடுச்சு. நேத்து ராத்திரி இங்க படுத்துக்கிட்டுத் தேடினேன். எழுபத்தேழு வருது. எழுபத்தொன்பது வருது. நடுவுல ஒண்ணுமே இல்ல.” அம்மை வீங்கிய கன்னத்தைக் கையில் தாங்கிக்கொண்டார். “இப்ப அது எனக்கு வேணும். நீ சொல்லு, கேக்குறேன்.”

பரஞ்சோதி வாயைத் திறந்தார்.

அம்மை ஜன்னல் பக்கம் திரும்பியது கண்ணில் வந்தது. சபாபதி என்று கூப்பிட்ட குரல் காதில் வந்தது. நடுங்கிய கை வந்தது. முதல் வாரமே அந்த நிறுத்தத்தைக் கண்டு பதறி, பிறகு இரண்டு வாரமும் அடுத்து எப்போது தடுமாறுவார் என்று பார்த்துக்கொண்டிருந்த தன் கண்கள்தான் நினைவுக்கு வந்தன. அம்மை சொன்னது வரவில்லை. ஒரு வார்த்தைகூட வரவில்லை.

பக்கத்துக் கட்டிலில் யாரோ இருமினார்கள். நர்ஸ் மாத்திரைத் தட்டோடு கடந்து போனார்.

“அவசரமில்லப்பா,” என்றார் அம்மை. “மெதுவா யோசிச்சுச் சொல்லு.”